மூலக்கூறு உயிரியல் படித்துச் சர்க்கரை நோயை ஆராய்வது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிகளில் பேசப் போனால் அரங்கில் யாரும் கை தூக்குவதில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொள்வார்கள். மதுரையில் கேட்டதையே திருச்சியிலும் கேட்பார்கள், அதையே அவர்களுடைய அப்பா அம்மா போனில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள், கொழுப்புச் செல்களோடு பிழைப்பு நடத்தும் ஒருத்தியின் கருத்துகள். என் சக ஆய்வாளர்கள் சிலர் இதில் பாதியை மறுப்பார்கள்.

மாலிக்யூலர் பயாலஜின்னா டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. படிக்கிறது. சுகருக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்? சுகர் சோறு சாப்பிட்டு வர்றதுதானே?

சில குழந்தைகளுக்குப் பிறந்த ஆறு மாதத்துக்குள்ளேயே சர்க்கரை நோய் வந்துவிடும். அவர்கள் என்ன சோறு சாப்பிட்டார்கள்? நெடுங்காலம் இவர்களையும் டைப் 1 (இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் வகை) கணக்கில் சேர்த்து, ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி என்று எழுதிக் கொடுத்துவந்தார்கள். 2004-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் குழு, இவர்களில் பலருக்கு கே.சி.என்.ஜே.11 என்ற மரபணுவில் பிழை இருப்பதைக் காட்டியது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வாயில் ஒன்று உண்டு. செல்லுக்குள் குளுக்கோஸ் எரிந்து, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. கூடினால் அந்த வாயில் மூடும். மூடினால் செல்லின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே நுழையும், இன்சுலின் வெளியே வரும். இந்தக் குழந்தைகளுக்கு அந்த வாயில் சரியாக மூடுவதில்லை. செல்லுக்குள் இன்சுலின் இருக்கிறது, வெளியே வர உத்தரவு கிடைப்பதில்லை.

ஏ.டி.பி.யின் தயவில்லாமலே அந்த வாயிலை மூடவைக்கும் மாத்திரை பல பத்தாண்டுகளாக மருந்துக்கடையில் இருந்தது. கிளிபென்கிளமைடு என்று பெயர், பெரியவர்களிடம் பரவலாக உள்ள டைப் 2 வகை நோயாளிகளுக்குக் கொடுப்பது. 2006-ல் வெளியான ஆய்வில், இந்தப் பிழை உள்ள 49 பேரில் 44 பேர் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறினார்கள். சம்பந்தம் இதுதான்.

மெட்டபாலிக் டிசீஸ்னா சுகர் மட்டுமா?

இல்லை. உடல்பருமன், ஃபேட்டி லிவர், ரத்தக் கொழுப்புக் கோளாறுகள், பிறவியிலேயே ஒரு நொதி இல்லாமல் போகும் அரிய நோய்கள் எல்லாம் இதில் அடங்கும். கல்லீரலில் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் இல்லாத குழந்தைகளைப் பற்றி கெர்ட்டி கோரியும் கார்ல் கோரியும் 1952-ல் எழுதியதுதான், ஒரு வளர்சிதை மாற்ற நோயை ஒரு குறிப்பிட்ட நொதியோடு முடிச்சுப் போட்ட முன்னோடிக் கட்டுரை. மாணவர்கள் முக்கால்வாசிப் பேர் சர்க்கரை நோய் என்றே வருகிறார்கள். கொழுப்பும் கல்லீரலும் கூட்டம் குறைந்த பக்கங்கள், அங்கேயும் எட்டிப் பாருங்கள்.

நான் எம்.பி.பி.எஸ். இல்ல மேடம், வெறும் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. டாக்டர் இல்லாம நோயை ஆராய முடியுமா?

முடியும். இன்சுலின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. சாற்றில் அழுக்கு அதிகம், ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியது. அடுத்த சில நாளில் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்தவர் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர். 23-ஆம் தேதி போட்ட ஊசியில் சர்க்கரை இறங்கியது. நோபல் பரிசு பான்டிங், மெக்லியோட் இருவருக்கும் போனது, காலிப் பெயர் பாடப்புத்தகத்தின் அடிக்குறிப்பில் நிற்கிறது. அது வேறு வயிற்றெரிச்சல்.

ஆனால் ஒன்று. நோயாளியின் ரத்தமோ திசுவோ வேண்டுமென்றால் உங்களோடு ஒரு மருத்துவர் கைகோத்தே ஆக வேண்டும், மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும், நோயாளி தன் மொழியில் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கே ஆறு மாதம் ஓடிவிடும் என்று கணக்கு வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். வார்டில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். 'இன்சுலின் எதிர்ப்பு' (இன்சுலின் இருந்தும் செல்கள் அதற்குச் செவிசாய்க்காதது) என்று நாம் ஆய்வகப் படத்தில் பட்டையாக, கோடாகப் பார்ப்பது அங்கே கால் புண்ணாகவும் மங்கிய கண்ணாகவும் உட்கார்ந்திருக்கும்.

எந்த டிகிரி எடுக்கணும்? எங்க ஊர் காலேஜ்ல பி.சி.ஆர். மெஷினே கிடையாது, இருந்தாலும் பூட்டி வெச்சிருப்பாங்க.

பி.எஸ்சி. விலங்கியலா, உயிர்வேதியியலா, பி.டெக். பயோடெக்கா என்பது பத்து வருஷம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. எம்.எஸ்சி. எங்கே என்பதுதான் கொஞ்சம் கணக்கில் வரும். ஐ.ஐ.டி.களுக்கு ஜாம், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட்-பி.ஜி., உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவு தரும் படிப்புகளுக்கு காட்-பி என்று தனித்தனித் தேர்வுகள் உள்ளன. இளங்கலை முடித்த கையோடு ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேர வழி பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., என்.சி.பி.எஸ். போன்ற இடங்களில் உண்டு.

மெஷின் இல்லாத கல்லூரிக்காரர்களுக்கு நான் சொல்வது கோடைக்கால ஆய்வு நல்கை. மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்துகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் நாட்டின் நல்ல ஆய்வகம் ஒன்றில் உட்காரலாம். அந்த இரண்டு மாதத்தில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் நடக்காது. பைப்பெட் பிடிக்கும் கை வரும். அதைவிட, இந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு யோசனைக்குக் காசே வேண்டாம். நம் பாடத்திட்டத்தில், செல் சர்க்கரையை எரிக்கும் படிகளான கிளைக்காலிசிஸ், கிரெப்ஸ் சுழற்சி எல்லாம் மனப்பாடம் செய்து தேர்வன்றே மறந்துவிடுகிறோம். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கங்களுக்குத் திரும்ப வேண்டும். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டவருக்கு விடிகாலை நாலு மணிக்கு மூளைக்குப் போகும் குளுக்கோஸ் எங்கிருந்து வருகிறது? கல்லீரல், தசை, கொழுப்பு மூன்றும் அந்நேரம் என்ன செய்துகொண்டிருக்கும்? இதைப் புத்தகம் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவர், பத்து டெக்னிக் தெரிந்தவரைவிட முன்னால் நிற்கிறார். நேர்முகத் தேர்வில் நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். மூலக்கூறு மட்டும் தெரிந்து உடம்பு தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

நெட் எழுதியே ஆகணுமா? ரெண்டு தடவை போயிடுச்சு.

கட்டாயமில்லை, ஆனால் அந்தத் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு நல்கை கையில் இருந்தால் உங்கள் சம்பளத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போகிறீர்கள், கைடு திட்டப் பணத்தை நம்பி இருக்க வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அது போக உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட், கேட், என்.சி.பி.எஸ். வகையறாவுக்கான ஜே.ஜி.ஈ.ஈ.பி.ஐ.எல்.எஸ். என்று வழிகள் பல. 2024 முதல் நெட்டிலேயே 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்று ஒரு தகுதியும் வந்துவிட்டது. அதில் நல்கை கிடையாது, சேர்க்கைக்குக் கதவு திறக்கும்.

இரண்டு முறை போனவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது மூன்றாம் பகுதியில். 75 கேள்வி, 25-க்கு விடை எழுதினால் போதும், ஒன்றுக்கு நாலு மதிப்பெண். மொத்தம் 200-ல் சரிபாதி அங்கேதான் இருக்கிறது. அதில் வருவது ஒரு வரைபடம், ஒரு ஜெல் படம், 'இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்' என்ற கேள்வி. கைடு புத்தகத்தை மூன்றாம் முறை படிப்பதற்குப் பதிலாக வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து, முடிவுரையை மூடி வைத்துவிட்டு, படங்களை மட்டும் பார்த்து நீங்களே முடிவு எழுதிப் பாருங்கள்.

என் பொண்ணு அஞ்சு வருஷம் இதுலயே இருப்பேங்கறா. சம்பளம் எவ்வளவும்மா வரும்? கல்யாணம் காட்சி எல்லாம் எப்படி?

அம்மாக்கள் கேட்பது. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை நல்கை) ஆனால் 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து வருஷம். ஆய்வு பெரும்பாலும் ஐந்தில் முடியாது, ஐந்தரை ஆறு என்று இழுக்கும். கடைசி வருஷத்துக்குப் பணம் எங்கிருந்து என்று சேரும்போதே கைடிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

எழுத்தில் இல்லாத ஒன்று: நல்கைப் பணம் மாதாமாதம் முதல் தேதி வருவதில்லை. மூன்று மாதம், சில சமயம் அதற்கு மேலும் தேங்கி, மொத்தமாக வரும். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் புது ஊருக்குப் போகிற பிள்ளை முதல் தீபாவளிக்கே கடன் வாங்கும். வீட்டில் அந்த ஒரு உதவியைச் செய்யுங்கள். கல்யாணம் நடக்கிறவர்களுக்கு நடுவிலேயே நடக்கிறது, குழந்தையும் பெற்றுக்கொள்கிறார்கள். அதற்குத் தடையாக இருப்பது பிஎச்.டி.யைவிட, ஞாயிற்றுக்கிழமையும் செல்லுக்கு மீடியா மாற்றப் போக வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளாத மாப்பிள்ளை வீடுதான்.

கைடை எப்படிப் பாத்து எடுக்கறது? பெரிய இன்ஸ்டிட்யூட்டா, நல்ல கைடா?

நல்ல கைடு. யோசிக்கவே வேண்டாம். 'நல்ல' என்பதை அளக்க வழி உண்டு. கடைசி ஐந்து வருஷக் கட்டுரைகளை எடுத்து முதல் ஆசிரியர் பெயர்களைப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா, பல மாணவர்கள் பெயர் வருகிறதா? முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? சேர்ந்துவிட்டுப் பாதியில் போனவர்கள் எத்தனை பேர்? இந்தக் கடைசி விவரம் இணையதளத்தில் இருக்காது. அங்கே இருக்கும் மாணவர்களைக் கைடு இல்லாத நேரத்தில் கேன்டீனில் பிடித்துக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைவிட, சொல்லத் தயங்குவதைக் கவனியுங்கள்.

'அந்த லேப்ல கிரிஸ்பர் (மரபணுவைத் திருத்தும் கருவி) இருக்கு, அதனால போறேன்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மாணவியாக இருந்தபோது, ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே சமயத்தில் அளக்கும் மைக்ரோஅரே என்றால் வாயைப் பிளப்போம். இன்று அது பரணில் கிடக்கிறது. கைடு பத்து வருஷமாக ஒரு கேள்வியை விடாமல் துரத்துகிறாரா, அந்தக் கேள்வி உங்களையும் இரவில் தூங்கவிடாமல் செய்கிறதா என்று பாருங்கள்.

லேப்ல ஒரு நாள் பூரா என்னதான் பண்ணுவீங்க?

என் ஆய்வகத்தில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 3டி3-எல்1 என்று எலியிலிருந்து வந்த செல் வகை ஒன்று இருக்கிறது. தட்டில் நெருக்கியடித்து வளர்ந்து முடித்ததும் இரண்டு நாள் சும்மா விட வேண்டும். பிறகு டெக்சாமெத்தசோன், ஐ.பி.எம்.எக்ஸ்., இன்சுலின் மூன்றும் கலந்த கலவையைக் கொடுத்தால், எட்டுப் பத்து நாளில் மெலிந்து நீண்ட செல்கள் உருண்டு, உள்ளே பளபளவென்று எண்ணெய்த் துளிகளோடு கொழுப்புச் செல்களாகிவிடும். அதாவது சோதனை தொடங்கும் முன்பே இரண்டு வாரம் போய்விட்டது. அதற்குள் பூஞ்சை வந்தால் முதலிலிருந்து.

சோதனை நாளன்று சில மணி நேரம் சீரம் இல்லாமல் பட்டினி போட்டு, பத்து நிமிடம் இன்சுலின் கொடுத்து, உடனே பனிக்கட்டி மேல் வைத்துச் செல்லை உடைக்க வேண்டும். தடுப்பான் சேர்க்க மறந்தால், நீங்கள் தேடும் பாஸ்பேட்டை செல்லின் நொதிகளே தின்றுவிடும். பிறகு வெஸ்டர்ன் பிளாட்: புரதத்தை ஜெல்லில் ஓடவிட்டு, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடி ஊற்றி இரவு முழுக்கக் குளிர் அறையில் ஆட்டி, மறுநாள் கழுவி, இரண்டாம் ஆன்டிபாடி போட்டு, இருட்டில் படம் எடுப்போம். இன்சுலின் வேலை செய்தால் ஏ.கே.டி. என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறி, அந்தப் பட்டை கருப்பாகத் தெரியும். இந்தத் துறைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு நுணுக்கங்கள்: சவ்வை மறைக்கப் பால் பொடி ஊற்றாதீர்கள், பாலில் இருக்கும் கேசினிலேயே பாஸ்பேட் உண்டு, பின்னணி கருத்துவிடும், ஆல்புமின் பயன்படுத்துங்கள். ஒப்பீட்டுக்கு எல்லாரும் வைக்கும் ஜி.ஏ.பி.டி.எச். என்ற புரதமும் வேண்டாம். அது கிளைக்காலிசிஸ் நொதி, கொழுப்புச் செல்லில் இன்சுலினாலேயே கூடும். நீங்கள் அளக்கப் போகும் ஆளையே நடுவராக உட்கார வைப்பது போல.

மிச்ச நேரம் மின்னஞ்சல், பில், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஆன்டிபாடி எங்கே மாட்டியிருக்கிறது என்று விசாரிப்பது, மைனஸ் 80 ஃப்ரீசர் அலறினால் ஓடுவது.

எலியைக் கொல்லாம பண்ண முடியாதா? எனக்கு மனசு வரல.

முடியும். செல் வளர்ப்பு, பழ ஈ, வரிமீன், மனித மரபணுத் தரவு என்று எலியையே தொடாமல் வாழ்நாள் முழுக்க ஆய்வு செய்பவர்கள் இருக்கிறார்கள். சேருமுன் கைடிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சேர்ந்த மூன்றாம் வருஷம் சொல்வது இருவருக்கும் கஷ்டம்.

எலி ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தட்டில் இருக்கும் கொழுப்புச் செல்லுக்குப் பசிக்காது. பசி, கல்லீரல், தசை, மூளை எல்லாம் ஒன்றோடொன்று பேசுவதை முழு உடம்பில்தான் பார்க்க முடியும். பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் அப்படித்தான் வெளிப்பட்டது. அளவில்லாமல் தின்று பருத்த ஒரு எலி வகையை அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம் வைத்திருந்தது. டக்ளஸ் கோல்மன் அந்த எலியையும் சாதாரண எலியையும் ரத்த ஓட்டம் கலக்கும்படி சேர்த்துத் தைத்தார். குண்டு எலி சாப்பிடுவதைக் குறைத்தது. ரத்தத்தில் ஏதோ ஒன்று அதற்கு இல்லை என்று தெரிந்தது. அந்த 'ஏதோ ஒன்றின்' மரபணுவை ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994-ல் பிடித்தது.

இந்தியாவில் விலங்குச் சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் கட்டாயம். எத்தனை எலி, ஏன் அத்தனை என்று கணக்குக் காட்ட வேண்டும். கூடவே ஒரு எச்சரிக்கை: ஆய்வக எலிகளை வைப்பது 22 டிகிரி அறையில். எலிக்கு அது குளிர். உடம்பைச் சூடாக்கவே அது கணிசமான சக்தியைச் செலவழிக்கிறது. அதற்கு இதமான வெப்பம் 30 டிகிரிக்குப் பக்கத்தில். 'எங்கள் மருந்து எலியை மெலிய வைத்தது' என்று கட்டுரை படித்தால் அறையின் வெப்பம் என்ன என்று தேடிப் பாருங்கள். சில அதிசயங்கள் அங்கேயே கரைந்துவிடும்.

நம்ம ஊர்ல ஒல்லியா இருக்கறவங்களுக்கும் சுகர் வருதே, அதை யாராவது பாக்கறாங்களா?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே உருப்படியான கேள்வி இதுதான். 2004-ல் லான்செட்டில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின், இரு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை இயந்திரம் இருவரையும் ஒன்று என்றது, உடம்பு இல்லை என்றது. யாஜ்னிக் குழு புனேயைச் சுற்றிய கிராமங்களில் 1993 முதல் தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து பார்த்துவந்தது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. தசையும் உறுப்பும் சிறுத்திருந்தன, தோலுக்கடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

வேலூர் சி.எம்.சி.யில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு இன்னொரு கோணம். மிக ஒல்லியான, சர்க்கரை நோய் உள்ள இளம் ஆண்களை எடுத்து நுணுக்கமாக அளந்தார்கள். டைப் 2 என்று முத்திரை குத்தப்படும் இவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு முதன்மைச் சிக்கல் இல்லை, சுரப்பதே குறைவு என்று தெரிந்தது. இது ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய தனி வகை என்று சொல்லி, 2025-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 'டைப் 5' என்று அங்கீகரித்தது. எல்லா நிபுணர்களும் இதை ஏற்கவில்லை, வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

நமக்கு இதில் என்ன வேலை? அளந்து காட்டியாகிவிட்டது, காரணம் இன்னும் செல் அளவில் தெளிவாகவில்லை. கருவில் கிடைக்காத புரதம் பீட்டா செல்லை எப்படி மாற்றுகிறது? அது டி.என்.ஏ.யில் என்ன அடையாளம் வைக்கிறது? சென்னை மருத்துவர் மோகனின் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நடத்திய 'இன்டியாப்' (INDIAB) என்ற ஆய்வு 1,13,043 பேரைப் பார்த்து, 2023-ல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் 11.4 சதவீதம் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய். இந்த நோயாளிகள் பாஸ்டனில் இல்லை, நம் தெருவில் இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்குள் போக விசா தேவையில்லை.

கோடிங் தெரியணுமாக்கா?

ஆர் மொழியில் ஒரு வரைபடம் போடவும், சக ஆய்வாளர் கொடுக்கும் ஆர்.என்.ஏ. தரவைத் திறந்து கேள்வி கேட்கவும் தெரிந்தால் போதும். அதற்கு மேல் பிடித்தால் கற்றுக்கொள்ளுங்கள். நோயோடு தொடர்புடைய மரபணுத் தேடல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தவை, ஆகவே போன கேள்வியில் சொன்ன நம்மவர்களின் தரவை அலசத் தெரிந்த கைகளுக்குத் தேவை இருக்கிறது.

ஓசெம்பிக் வந்தாச்சே, இனிமே இந்த ஆராய்ச்சிக்கு என்ன வேலை?

அந்த மருந்து வந்த வழியைப் பார்த்தால் கேள்வி மாறிவிடும். ஜி.எல்.பி.-1 என்ற குடல் ஹார்மோனை 1980-களில் ஜோயல் ஹேபனரும் ஸ்வெட்லானா மோய்சோவும் தனித்தனியே துலக்கினார்கள். நல்ல ஹார்மோன்தான், ஆனால் ரத்தத்தில் இரண்டு நிமிடத்தில் பாதி காலி. அதை மருந்தாக்க முடியாது என்று பலர் கைகழுவினார்கள். 1992-ல் ஜான் எங் என்ற ஆய்வாளர் கிலா என்ற அமெரிக்கப் பல்லியின் விஷத்தில் அதைப் போன்ற, சீக்கிரம் சிதையாத ஒரு பெப்டைடை (சிறு புரதத் துண்டை) கண்டெடுத்தார். அதிலிருந்து வந்த எக்செனடைடு 2005-ல் அனுமதி பெற்றது. டென்மார்க்கில் லோட்டே பியெர்ரே நுட்சன் குழு ஹார்மோனில் ஒரு கொழுப்பு அமில வாலைக் கட்டி ரத்தப் புரதத்தோடு ஒட்டவைத்தது. அந்த வழியில் வந்த செமாகுளுடைடுக்கு, அதாவது ஓசெம்பிக்குக்கு, வாரம் ஒரு ஊசி போதும். ஹேபனர், மோய்சோவ், நுட்சன் மூவருக்கும் 2024-ல் லாஸ்கர் பரிசு.

மீதி வேலையா? ஒரு பெரிய சோதனையில் ஊசியை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பி வந்தது. கொழுப்போடு தசையும் கரைகிறது, ஏற்கெனவே தசை குறைந்த நம் உடம்புக்கு அது என்ன செய்யும்? மேலே சொன்ன ஒல்லி நோயாளிகளுக்கு எடை குறைக்கும் மருந்தால் என்ன பயன்?

வெளிநாடு போயே ஆகணுமா? போனா திரும்பி வர முடியுமா?

இந்தியாவில் ஆசிரியப் பணிக்குத் தேர்வுக் குழுக்கள் இன்னும் வெளிநாட்டுப் போஸ்ட்டாக்கை (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணியை) எதிர்பார்க்கின்றன. நியாயமா என்று கேட்டால் இல்லை, நிலவரம் அதுதான். திரும்பி வருகிறவர்களுக்கு ராமலிங்கசாமி நல்கை, ராமானுஜன் நல்கை, 2008-ல் தொடங்கிய இந்தியா அலையன்ஸின் நல்கைகள் என்று பாலங்கள் உள்ளன. இந்தியா அலையன்ஸ் இங்கேயே இருப்பவர்களுக்கும் தொடக்க நிலை நல்கை தருகிறது. நல்கை முடிந்தால் வேலை நிரந்தரமாகும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. வருகிற நிறுவனத்திடம் அதை எழுத்தில் கேளுங்கள்.

பிஎச்.டி. முடிச்சும் புரொஃபசர் ஆகலன்னா? எங்க மாமா சிரிப்பாரு.

பெரும்பாலானோர் பேராசிரியர் ஆவதில்லை, மாமா சிரிக்க அதில் ஒன்றுமில்லை. பெங்களூரு பயோகான் 2004-ல் ஈஸ்ட்டில் தயாரித்த மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சைடஸ் மருந்து நிறுவனத்தின் சரோகிளிட்டசார் 2013-ல் இந்திய அனுமதி பெற்றது. சர்க்கரை நோயாளிகளின் ரத்தக் கொழுப்புக்கான அந்த மூலக்கூறு இங்கேயே உருவானது. இப்படிப்பட்ட இடங்களில் செல் சோதனை, எலிச் சோதனை தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. மருந்துச் சோதனை மேலாண்மை, அனுமதி ஆவணங்கள், மருத்துவ எழுத்து, காப்புரிமை என்றும் போகலாம். மூன்றாம் வருஷத்திலேயே ஒரு கண் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு, பேர் போடாதீங்க. ரிசல்ட் வரல. கைடு 'நல்லா வர்ற பிளாட்டை மட்டும் போடு'ங்கறாரு. என்ன பண்றது?

இதைக் கேட்டவர் ஒருவர் இல்லை. பதிலுக்கு ஒரு உண்மைக் கதை. 2013-ல் ஹார்வர்டின் டக்ளஸ் மெல்ட்டன் குழு, பீட்டா செல்களைப் பெருக வைக்கும் ஹார்மோன் என்று 'பீட்டாட்ரோஃபின்' பற்றி எழுதியது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. மறு வருஷமே வேறொரு குழு, அந்த மரபணு இல்லாத எலியிலும் பீட்டா செல்கள் வழக்கம்போலப் பெருகுகின்றன என்று காட்டியது. மெல்ட்டன் ஆய்வகம் சோதனையை இன்னும் அதிக எலிகளில், யாருக்கு எது போட்டது என்று தெரியாதபடி மறைத்துத் திரும்பச் செய்தது. முதல் முடிவு நிற்கவில்லை. 2016-ல் கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெற்றார்கள். ஆய்வகம் மூடப்படவில்லை, மெல்ட்டன் பெயரும் போகவில்லை. அந்தப் புரதத்துக்கு ரத்தக் கொழுப்பில் வேலை இருக்கிறது, அதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்குச் சொல்வது: எல்லா பிளாட்டின் மூலப் படத்தையும் தேதியோடு, வெட்டாமல், ஆய்வகக் கணினியில் வையுங்கள். பதிவேட்டில் தோற்ற சோதனையையும் எழுதுங்கள். கைடிடம் 'சார், மூணுல ஒண்ணுதான் வந்தது, இன்னொருத்தர் கண்ணை மூடிக்கிட்டு ரிப்பீட் பண்ணட்டும்' என்று கேளுங்கள். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் பாதிப் பேர் அவசரத்தில் சொன்னதுதான். ஒத்துக்கொள்ளாமல் மறுபடி வற்புறுத்தினால் ஆய்வுக் குழுவில் உள்ள இன்னொரு ஆசிரியரிடம் அடுத்த கூட்டத்துக்கு முன்பே போய், மூன்று படத்தையும் மேசையில் வைத்து, எது சரி என்று கேளுங்கள். யார் சொன்னது என்று பேச்சை எடுக்க வேண்டாம். கைடு பற்றிய நான்காம் வருஷப் புகாரைவிட, முதல் வருஷத்தில் மேலே சொன்ன கேன்டீன் விசாரணை சுலபம், ஆனால் நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் இந்த வழியைச் சொல்கிறேன். கட்டுரையில் உங்கள் பெயர் முதலில் வரும், படத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் மின்னஞ்சலும் உங்களுக்கே வரும்.